ருத்திராட்சம் விழுந்த கடல்

சிவராத்திரிக்கு முந்தின ராத்திரி குலசேகரம் ஜங்ஷனில் நின்றால் சாமி முதலில் காதுக்குத்தான் வருவார். திற்பரப்புப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு இரைச்சல் எழும். மழையோ என்று தோன்றும். மாசியில் ஏது மழை? கிட்டே வர வர அது 'கோவிந்தா', 'கோபாலா' என்று இரண்டாகப் பிரியும். அப்புறம்தான் ஆட்கள் தெரிவார்கள். காவி வேட்டி, வெறுங்கால், கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிகோடு, திருநட்டாலம் என்று பன்னிரண்டு சிவாலயங்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். கல்குளம், விளவங்கோடு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அட்சரம் படிக்கும் முன்பே இந்தப் பன்னிரண்டு பெயரும் நாக்கில் ஏறிவிடும்.

எங்கள் ஊர் மூன்றாம் கோயிலுக்கும் ஐந்தாம் கோயிலுக்கும் நடுவில் கிடக்கிறது. ஓட்டக்காரர்கள் இங்கே வரும்போது கால் சூடேறி, தொண்டை கட்டி, உடம்பு தன் சொல் கேட்காத நிலையில் இருக்கும். வீட்டு வாசல்களில் மோர் வைத்திருப்பார்கள்; சுக்குக்காப்பி, அவித்த மரச்சீனிக்கிழங்கு, காந்தாரிமிளகாய்ச் சம்மந்தி. ரப்பர் மரங்கள் இலை முழுக்க உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்விட்டு நிற்கிற காலம் அது. பால்வெட்டு நின்றிருக்கும். சிரட்டைகளைக் கவிழ்த்து மரத்தோடு கட்டியிருப்பார்கள். அந்தத் தளிரின் காம்பில் சுரக்கிற தேனுக்காகப் பகலெல்லாம் தேனீ மொய்த்த மரங்களுக்கு நடுவே, ராத்திரி ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் ஓடும்.

இந்த ஓட்டத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தர்மனின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பாதி மனிதனும் பாதி மிருகமுமான அது சிவனைத் தவிர வேறு பெயரைக் காதால் கேட்கப் பொறுக்காது. பீமனிடம் பன்னிரண்டு ருத்திராட்சங்களைக் கொடுத்து அனுப்புகிறான் கண்ணன். 'கோவிந்தா, கோபாலா' என்று கத்திக்கொண்டு பீமன் ஓடுகிறான், புருஷாமிருகம் துரத்துகிறது. பிடிபடப்போகிற இடத்தில் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். விழுந்த இடத்தில் லிங்கம் எழும்புகிறது. லிங்கத்தைக் கண்டால் புருஷாமிருகம் குளித்துப் பூசை செய்யாமல் நகராது. அதற்குள் பீமன் ஓடிவிடுவான். இப்படியே பன்னிரண்டு மணி, பன்னிரண்டு லிங்கம். கடைசியில் திருநட்டாலத்தில் அரியும் அரனும் ஒரே மேனியாய்த் தெரிகிறார்கள்.

ஓடுகிறவனிடமிருந்து ஒவ்வொன்றாய் விழுகிறது. விழுந்த இடமெல்லாம் சிவம். இந்தக் கதையின் முழுப் பொருளும் எனக்குத் திருநந்திக்கரையில்தான் திறந்தது.

திருநந்திக்கரையில் கோயிலை ஒட்டி ஒரு பெரிய பாறை. அதைக் குடைந்து மண்டபமும் கருவறையும் எடுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தின வேலை. ராஜராஜன் தன் பிறந்த நட்சத்திரமான சதயத்தைக் கொண்டாட ஏற்பாடு செய்த செய்தி இங்கே கல்லில் இருக்கிறது. சுவரில் பழைய ஓவியத்தின் கோடுகள் அங்கங்கே மிச்சம் நிற்கின்றன. கூட்டம் கோயிலுக்குள் மோதிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பாறைப் பக்கம் ஒதுங்கி, வியர்த்த நெற்றியை அதன்மேல் வைத்தேன். நடுராத்திரி தாண்டிய பிறகும் கல்லில் பகல் வெயிலின் சூடு இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே உளி போன தடம், அரிசி அரிசியாகப் பொருக்கு, அதில் ஒரு ஈரக்கோடு. நெற்றியில் அந்தச் சூடு ஏறிய கணத்தில் எனக்குள் ஏதோ பிடி விட்டது. அழுகையா, சிரிப்பா, தெரியாது. கால் நடுங்கியது. இந்தச் சூடு நேற்றைய வெயில் அல்ல, அதற்கும் முந்தின ஒரு சூடு என்று உடம்பு சொன்னது.

குமரி மாவட்டத்து மலைப்பாறை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய கல். அப்போது இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒரே நிலமாக ஒட்டிக்கொண்டிருந்தன. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணலைச் சிவப்பாக்குகிற கார்னெட் அந்த வேக்காட்டின் பொடிதான். பிறகு அந்தப் பெருநிலம் உடைந்தது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்த இந்தியா, நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவாகி வடக்கே ஓடத் தொடங்கியது. ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல். கண்டங்களின் கணக்கில் அது தலைதெறிக்கிற ஓட்டம்.

அந்த வழியில், கடலின் கீழே, நகராமல் நின்றது ஒரு நெருப்பு.

இன்று ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிற அந்த நெருப்பின்மேல் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா கடந்து போனது. பூமி பிளந்து குழம்பு பொங்கியது. தக்காணத்தின் பெரும்பரப்பில் அது பாய்ந்து படிந்து உறைந்த அடுக்குகள் சில இடங்களில் 2 கிலோமீட்டர் கனம். திரியம்பகேஸ்வரமும் பீமாசங்கரமும் கிருஷ்ணேஸ்வரமும் அந்த உறைந்த நெருப்பின்மேல்தான் இருக்கின்றன. எல்லோராவில் ராஷ்டிரகூடர்கள் மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த கைலாசநாதர் கோயில் முழுவதுமே அந்தக் குழம்பின் கல். பீமன் கையிலிருந்து விழுந்த முதல் ருத்திராட்சம் அது. அதிலிருந்தே கைலாசத்தை எடுத்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது.

இந்தியா நிற்கவில்லை, நெருப்பு நகரவில்லை. அடுத்தடுத்து மணிகள் விழுந்தன. லட்சத்தீவு. பிறகு மாலத்தீவு, அங்கே பவளத்துக்கு அடியில் துளைபோட்டு எடுத்த எரிமலைக் கல்லுக்குச் சுமார் 5.7 கோடி வயது. பிறகு சாகோஸ், சுமார் 4.9 கோடி. அப்புறம் கடலடியின் பெரும் பிளவே அந்த நெருப்பின்மேல் நகர்ந்து கடந்தது. அதற்குப் பிந்தின மணிகள் ஆப்பிரிக்காவின் பக்கம் விழுந்தன. இன்று நீருக்குள் மேடாய்க் கிடக்கிற நசரேத் திட்டு, சுமார் 80, 90 லட்சம் ஆண்டு வயதுள்ள மொரீஷியஸ், கடைசியாக ரீயூனியன். ரீயூனியன் கடலுக்கு மேலே தலைகாட்டி 20 லட்சம் ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதன் எரிமலையான பித்தோன் த லா ஃபூர்னேஸ் இன்றும் பொங்குகிறது.

புராணத்தில் புவியியல் ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சாமிக்கு அந்தச் சிபாரிசு வேண்டியதில்லை. பன்னிரண்டு கோயிலுக்கும் ஓடி ஓடித் தேய்ந்த மனசுக்கு இந்தக் கடல் வரிசை புரிந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த அருள். நின்ற இடத்தில் நிற்கிறவன் சிவன். ஓடுகிறது நாம் நிற்கிற தரை.

இது எனக்கு ஏட்டுச் செய்தியாக நின்றுவிடாததற்கு இன்னொரு காரணம் எங்கள் மாவட்டத்துக் கடற்கரை. ஓட்டம் தொடங்குகிற முஞ்சிறைக்குக் கீழேதான் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்கள். ஆழ்கடல் தூண்டிலுக்குப் பேர்போன கை அவர்களுடையது. லட்சத்தீவு அவர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. சாகோஸில் டீகோ கார்சியா வரை போய்ப் பிடிபட்டுத் திரும்பினவர்களும் உண்டு. ஓட்டத்தன்று வழியோரத்தில் தண்ணீர் கொடுக்க வந்திருந்த ஒரு முதியவர், கழுத்தில் ஜெபமாலை, என் கையில் செம்பைத் தந்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, கர கண்ணுல படாது. சுத்தி நீலத் தண்ணி. எத்தற பாகம் கயிறு விட்டாலும் தர தட்டாது. பொறவு ஒரு எடத்துல விட்டா சட்டுன்னு தட்டும். கடலுக்க அடியில மல நிக்குது. அந்தப் பாருல வந்துதான் மீனெல்லாம் கூடும்." நீருக்குள் மூழ்கிய லிங்கங்களைக் கயிற்றால் தொட்டறிந்தவர் அவர். நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "ஓடு மக்களே, நேரமாச்சு" என்றார்.

இந்த மணிகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் இருப்பதுதான் உயிர்களின் கதையைத் தீர்மானிக்கிறது. எரிமலைத் தீவு பிறக்கும், உயரும், மழையிலும் ஆற்றிலும் அரிபடும், தன் பாரத்திலேயே மெல்ல அமிழும். 2008ல் விட்டேக்கர் முதலான உயிர்ப்பரவல் அறிஞர்கள் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார்கள்: பச்சைக் குழந்தையான தீவில் உயிர்வகை குறைவு, உயர்ந்து நின்று பள்ளத்தாக்குகளாகக் கிழிபடுகிற நடுவயதில் வகைகள் பெருகும், தேய்ந்து தாழ்கிற முதுமையில் குறையும். உயரம் இருந்தால் மேகம் தட்டும். அடியில் வறண்ட சரிவு, நடுவில் மழைக்காடு, உச்சியில் குளிர்ப்புதர் என்று ஒரு தீவுக்குள் பல நாடுகள். ஆறு மலையை அறுத்தால் இந்தக் கரைப் பூச்சி அந்தக் கரைக்குப் போகாது. போகாமல் இருந்தால் காலம் போகப் போக அது வேறு ஆளாகும்.

வயதானவற்றின் கதி வேறு. மாலத்தீவுகளிலும் லட்சத்தீவிலும் இன்று மலை என்று ஒரு மேடுகூட இல்லை. எரிமலை மூழ்க மூழ்க அதன் விளிம்பில் பவளம் மேலே மேலே கட்டிக்கொண்டு வந்தது. 1842ல் டார்வின் எழுதியது இதைத்தான். நிலத்தில் அங்கே தனக்கென்று உரிய செடியும் பறவையும் மிகக் குறைவு. ஆனால் அந்த மோதிரத்தின் உள்ளே இறங்கினால் நிறம் நிறமாய் மீன், பவளம், சங்கு. மலை தன் உயிர்களைக் கடலுக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது.

ரீயூனியனுக்கு வருவோம். என் நெஞ்சு அதிகம் துடிப்பது அங்கேதான். பித்தோன் தெ நேஜ் என்ற அதன் உச்சி 3,070 மீட்டர், நம் ஆனைமுடியைவிட உயரம். தீவின் மொத்தப் பரப்போ 2,500 சதுர கிலோமீட்டர்தான். குமரி மாவட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு. அதற்குள் ஒரு சின்னக் குருவி வாழ்கிறது, வெள்ளைக்கண்ணி இனம். நம் மலைகளிலும் அதன் சொந்தக்காரர்கள் உண்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கூட்டமாய்ப் பூவுக்குப் பூ தாவும். ரீயூனியனில் இந்த ஒரே இனம் நான்கு நிறக் கோலங்களில் இருக்கிறது. ஒரு பக்கம் சாம்பல் தலை, ஒரு பக்கம் பழுப்புத் தலை, இன்னொரு பக்கம் பிடரி மட்டும் பழுப்பு. எல்லைக்கோடு எது தெரியுமா? ஆற்றுப் படுகைகளும், எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த வெளிகளும். கடலைத் தாண்டி வந்த பறவையின் பிள்ளைகள் ஒரு ஆற்றைத் தாண்ட மனமில்லாமல் நின்றிருக்கின்றன! அக்கரை ஒரு நிறம், இக்கரை ஒரு நிறம். இதைப் படித்த அன்று என்னால் உட்கார முடியவில்லை. திற்பரப்பில் கோதையாறு பாறைமேல் விழுகிற இடத்துக்குப் போய் நின்றேன். அதே மகாதேவர் அங்கே வீரபத்திரக் கோலம். ஒரு ஓட்டத் தொலைவில் திருநந்திக்கரையில் வேறு கோலம். பிரிவு இல்லாவிட்டால் இத்தனை கோலம் ஏது? ஒன்றே பலவாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆறு ஓட வேண்டும், ஒரு கடல் கிடக்க வேண்டும். அந்த இடைவெளியை வெட்டிக் கொடுப்பது கல்.

மொரீஷியஸின் கிளியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நாக்கு மன்னிக்காது. நம் ஊர்ப் பச்சைக்கிளியின் வம்சம் அது. இங்கே வயலிலும் தோப்பிலும் திரிகிற கிளியின் முன்னோர் எப்போதோ கடல் கடந்து அந்த மணியில் இறங்கியிருக்கிறார்கள். அங்கே அவர்கள் வேறு கிளியானார்கள். காடு அழிந்து, 1980களில் அந்தக் கிளி பத்துப் பன்னிரண்டு என்ற நிலைக்கு வந்தது. மொரீஷியஸ் வல்லூறோ 1974ல் கண்ணுக்குத் தெரிந்தது நாலே நாலு. கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் 1979ல் அங்கே போனார். கூட்டில் எடுத்த முட்டையைப் பொரிக்கவைத்து, குஞ்சை வளர்த்து, காட்டில் விட்டு, எலியையும் குரங்கையும் விரட்டி, அவரும் கூட இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் பட்ட பாட்டில் இரண்டும் நூற்றுக்கணக்கில் மீண்டன. ஆண்டாள் தோளிலும் மீனாட்சி கையிலும் கிளியை வைத்துக் கும்பிடுகிற நாம் அந்த மனிதரின் திசையை நோக்கி ஒரு கும்பிடு போட வேண்டும்.

டோடோவைப் பற்றி உலகத்துக்கே தெரியும். பறக்க மறந்த புறா அது. 1598ல் டச்சுக்காரர்கள் கரையிறங்கினார்கள், 1662க்குப் பிறகு நம்பகமாக யாரும் அதைக் கண்டதில்லை. அதன் உயிரோடிருக்கிற நெருங்கிய சொந்தம் நம் நிக்கோபார்ப் புறா. 2002ல் வந்த மரபணு ஆய்வு ஒன்றில் எனக்கு மயிர்க்கூச்செறிந்த கணக்கு இருக்கிறது. டோடோவும் ரோட்ரிக்ஸ் தீவில் இருந்த அதன் உடன்பிறப்புப் பறவையும் பிரிந்து 2.5 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கலாமாம். மொரீஷியஸுக்கே வயது 90 லட்சத்தைத் தாண்டாது. அப்படியானால் மொரீஷியஸ் பிறப்பதற்கு முன் அந்தப் புறாக்கள் எங்கே இருந்தன? இன்று நீருக்குள் போய்விட்ட மணிகளில். அவை அமிழ அமிழ, புதிதாய் எழுந்த அடுத்த மணிக்கு மாறி மாறி வந்திருக்கின்றன என்று அந்த ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். பாருங்கள், ஒரு லிங்கம் மறைகிறது. அடுத்த லிங்கம் எழும்புகிறது. அடியார் அங்கே போகிறார். கோடிக்கணக்கான ஆண்டு சிவாலய ஓட்டம் ஓடிய பறவை, மனிதன் வந்து அறுபத்துச் சொச்சம் வருஷத்தில் ஓட்டத்தை முடித்துக்கொண்டது. இதை நினைத்துத் திருநந்திக்கரைப் பாறையில் நான் அழுதேன் என்றால் அது பக்தியா, துக்கமா என்று பிரிக்க எனக்குத் தெரியாது.

அந்தக் கடைசி இரண்டு மணிகளிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். 1834 முதல் மொரீஷியஸுக்கும், அடிமைமுறை ஒழிந்த 1848க்குப் பிறகு பெருவாரியாக ரீயூனியனுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள். அங்கே காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். அவர்கள் கரும்பு நட்ட மண் எரிமலை உளுத்துப்போன மண்; அதற்காக வெட்டப்பட்டதோ வேறெங்கும் இல்லாத காடு. பசித்து வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் அந்தக் காடு போன துக்கம் துக்கம்தான்.

சிவராத்திரி அங்கே எப்படி என்று கேட்டீர்களா? நாங்கள் இங்கே ஓடுகிற அதே நாட்களில், மொரீஷியஸின் ஊர்களிலிருந்தெல்லாம் லட்சக்கணக்கானவர்கள் வெள்ளை உடுத்தி, காவடி சுமந்து, கிராண்ட் பாஸின் என்ற ஏரிக்கு நடந்து போகிறார்கள். கடல்மட்டத்துக்கு 550 மீட்டர் மேலே இருக்கும் அது எரிமலை வாயில் நிறைந்த நீர். 1972ல் கங்கை நீரைக் கலந்து கங்கா தலாவ் என்று பெயரிட்டார்கள். வரிசையின் முதல் மணியில் கைலாசத்தைக் குடைந்தார்கள். கடைசிக்கு முந்தின மணியின் வாயில் சிவராத்திரி நீராடுகிறார்கள். நெருப்பு எரிந்த குழியில் தண்ணீர், தண்ணீரின் கரையில் சாமி! இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே கிடக்கிற கடலில் தூண்டில் போடுகிறவர்கள் முஞ்சிறைக்காரர்கள்.

லிங்கோற்பவத்தின் ராத்திரிதானே இது. அடி தேடிப் பன்றியாய்ப் பூமியைக் குடைந்து போனார் மால், முடி தேடி அன்னமாய்ப் பறந்தார் அயன், இரண்டும் எட்டவில்லை. 2012ல் பிரான்ஸ், ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிகள் ரீயூனியனைச் சுற்றிக் கடல்தரையில் 57 நிலநடுக்க அளவிகளை இறக்கினார்கள். தொலைவில் எங்கோ பூமி அதிரும்போது வருகிற அலைகளை வைத்து, தீவுக்கு அடியில் நிற்கிற நெருப்புத் தூணின் வேர் எங்கே என்று தேடினார்கள். அது பூமியின் நடுக்கரு தொடங்குகிற விளிம்பில், ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்து கிளைவிட்டு மேலேறுவதாகக் கண்டார்கள். எங்கள் பதினோராம் கோயில் திருப்பன்றிகோடு. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் கடலடியில் காதைவைத்துக் கிடக்கிற அந்த ஐம்பத்தேழு கருவிகள் என் கண்ணில் வரும். அடி தேடுவதும் வழிபாடுதான்.

பொன்மனைக்கு ஓடும்போது விடியத் தொடங்கும். கிழக்கே மலை கருநீலமாய் எழுந்து நிற்கும். பேச்சிப்பாறைக்கும் மேலே, மேல்கோதையாறு, முத்துக்குழிவயல், அதற்கு வடக்கே அகத்தியர் இருக்கிற 1,868 மீட்டர் உச்சி. சின்ன வயதிலிருந்து பார்த்த அசம்பு மலைதான். திருநந்திக்கரைக் கல்லில் நெற்றி வைத்த பிறகு அது வேறாகத் தெரிகிறது. அது தீவு. வடக்கே செங்கோட்டைக் கணவாய். அதற்கும் வடக்கே பாலக்காட்டுக் கணவாய். குளிரில் மட்டும் பிழைக்கிற சோலைப் பறவைக்கு அந்தத் தாழ்ந்த சூட்டு நிலம் கடலுக்குச் சமம்; தாண்டாது. அதனால் நீலகிரியில் ஒரு சிரிப்பான், ஆனைமலை-பழனி மலைகளில் இன்னொன்று, நம் அசம்பு மலையில் வேறொன்று. சோலைத் தரையில் துள்ளுகிற நீலக் குருவியையும் இந்த மலைக்கென்றே தனி வகையாகப் பிரித்து, அசம்பு என்ற பெயரையே சேர்த்து 2017ல் பெயரிட்டார்கள். எங்கள் மலையின் பெயரைச் சுமந்து ஒரு குருவி! கடல் கடந்து போய்க் காண வேண்டிய அதிசயம் வீட்டு முற்றத்தில் நின்றால் தெரிகிற மலையில் நடந்துகொண்டிருக்கிறது. கோயிலென்று நாங்கள் பன்னிரண்டு சொல்கிறோம். அந்த மலையைப் பதின்மூன்றாவது என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

இந்தியா தீவாய் ஓடிய காலத்தின் சாட்சி ஒன்று மேற்குமலையில் உயிரோடு இருக்கிறது. 2003ல் பிஜுவும் பொசுய்ட்டும் உலகுக்கு அறிவித்த ஊதாத் தவளை. வருஷம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் மேலே வரும். மகாபலி போல வருகிறதென்று மலையாளத்தில் மாவேலியின் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். ஓணம் கொண்டாடுகிற எங்களுக்கு அது அந்நியமில்லை. அதன் நெருங்கிய உறவு எங்கே இருக்கிறது? சேஷெல்ஸ் தீவுகளில். மற்றத் தீவுகளைப்போல் அவை எரிமலையிலிருந்து பிறந்தவை அல்ல. தக்காணம் பொங்கிய காலத்தையொட்டி இந்தியாவிலிருந்து பிய்ந்து கடலில் நின்றுவிட்ட பழைய கருங்கல் துண்டுகள். பிரிந்த சகோதரிகள் இரு கரையிலும் ஆறு கோடி ஆண்டுகளாக மழைக்குக் காத்திருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் பாறையை வெடிவைத்துப் பிளந்து லாரி லாரியாக ஏற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு எரிகிறது. 55 கோடி ஆண்டு நின்ற கல்லுக்கு லோடுக் கணக்கில் விலை போடுகிறார்கள். விக்கிரகத்தை உடைத்தால் பதறுகிறோம். அது குடைந்தெடுக்கப்பட்ட மலைக்கு ஏன் பதறுவதில்லை?

திருநட்டாலம் சேரும்போது சிவராத்திரியின் சாமம் நடந்துகொண்டிருந்தது. பாதத்தின் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. சங்கரநாராயணர் முன்னால் விழுந்தேன், எழுந்திருக்க மனமில்லை. பக்கத்தில் விழுந்து கிடந்த பையன் தோளைத் தட்டினான். "அண்ணே, என்ன வேண்டினிய?" வேண்டினதைச் சொல்லக் கூடாது என்பார்கள், சொல்லிவிட்டேன். ஆறு தாண்டாத அந்த வெள்ளைக்கண்ணி நாலு கோலத்திலும் நிலைக்க வேண்டும், கிளி பெருக வேண்டும், அசம்பு மலைச் சோலையில் தீ விழக் கூடாது, சாகோஸ் பவளம் வெந்து வெளுக்கக் கூடாது. அவன் விழித்தான். பிறகு, "அந்தத் தீவுக்கு நீங்க போயிருக்கியளா?" என்றான்.

போகவில்லை. ஒரு சிவராத்திரிக்குக் கிராண்ட் பாஸின் வரை நடக்க வேண்டும் என்பது என் நேர்ச்சை. கோதையாற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு கொண்டுபோய் அந்த ஏரியில் விட எனக்கும் ஆசைதான், கொண்டுபோக மாட்டேன். வெளியூர் விதையும் பூச்சியும் ஒட்டிக்கொண்டு போய் அந்தத் தீவுகள் பட்டதெல்லாம் போதும். சீனக் கொய்யா என்ற ஒரு செடி மட்டும் மொரீஷியஸ் காட்டை எப்படி மூடியிருக்கிறது என்று படித்தவன் நான். கப்பலோ விமானமோ, ஏறுவதற்கு முன் செருப்பின் அடியைத் தேய்த்துக் கழுவி, வேட்டி மடிப்பை உதறி, பையில் ஒட்டுப்புல் முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, வெறுங்கையோடு போவேன். காலைக் கழுவாமல் நாங்கள் எந்த நடைக்குள்ளும் போனதில்லை.